தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா? வணிகர்கள் அறிய வேண்டிய நோயும் அதற்குரிய கருவியும்

சரக்கு இருப்பை மாதம் ஒரு முறை எண்ணிப் பார்க்கிறோம். மின்னணுத் தராசை ஆண்டுதோறும் முத்திரையிடக் கொண்டு போகிறோம். பற்று வரவை இரவு கடை சாத்துமுன் சரிபார்க்கிறோம். ஆனால் இரவில் நாம் எப்படித் தூங்குகிறோம் என்பதைக் கணக்கெடுப்பவர் நம்மில் அநேகமாக ஒருவரும் இல்லை. தூங்குபவருக்குத் தன் தூக்கம் தெரியாது என்பதே அதற்குக் காரணம்.

இரவு பத்து மணிக்கு மேல் கடை சாத்துகிறோம். வீடு போய்ச் சேர்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுக்கிறோம். அதிகாலையில் காய்கறி, பூ, பால் வாங்கப் போகிறவர்கள் மூன்று மணிக்கே எழுந்துவிடுகிறார்கள். ஆகவே பகலில் கல்லாவில் உட்கார்ந்தபடி கண் சொக்குவதை "உழைத்த அலுப்பு" என்று ஒதுக்கிவிடுகிறோம். பல பேருக்கு அது உழைப்பின் அலுப்பாகவே இருக்கலாம். ஆனால் ஏழு மணி நேரம் படுத்து எழுந்த பிறகும் அலுப்புத் தீரவில்லை, குறட்டைச் சத்தம் அடுத்த அறை வரை கேட்கிறது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்றால், அது நோய். இதற்கு 'ஸ்லீப் ஆப்னியா' என்று பெயர். 'ஆப்னியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு மூச்சில்லாமை என்று பொருள். தமிழில் தூக்க மூச்சுத்தடை என்று சொல்லலாம்.

இது அரிய நோயன்று. உலகில் 30 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் 93 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஏதேனும் ஓர் அளவில் இந்நோய் இருக்கக்கூடும் என்று 2019-ல் வெளிவந்த மருத்துவக் கணிப்பு கூறுகிறது. அவர்களில் சுமார் 42 கோடிப் பேருக்கு அது நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருக்கலாமாம். இவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாமல் நடமாடுகிறார்கள். தெரிந்துகொண்டால் நல்ல சிகிச்சை உண்டு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நோய் எப்படி உண்டாகிறது?

மூக்கு வழியாகப் போகும் காற்று, தொண்டையைக் கடந்துதான் மூச்சுக்குழாய்க்குள் இறங்க வேண்டும். மூச்சுக்குழாய்க்குக் குருத்தெலும்பு வளையங்கள் உண்டு. அது எளிதில் அமுங்காது. ஆனால் நாக்கின் அடிப்பகுதிக்கும் உள்நாக்கிற்கும் பின்னால் உள்ள தொண்டைப் பகுதிக்கு அப்படி எந்த எலும்புச் சட்டமும் இல்லை. தசைகள்தான் அதை விரித்துப் பிடித்திருக்கின்றன. தூங்கும்போது உடம்பின் மற்றத் தசைகளைப் போலவே இவையும் தளர்கின்றன.

இளநீரை மெல்லிய காகிதக் குழல் வைத்து உறிஞ்சுகிறோம். குழல் நனைந்து இளகிய பின் பலமாக உறிஞ்சினால் அது இரு பக்கமும் ஒட்டிக்கொள்ளும், இளநீர் வராது. தளர்ந்த தொண்டையிலும் இதுவே நடக்கிறது. வழி குறுகும்போது தசைகள் அதிரும் ஒலிதான் குறட்டை. வழி முழுவதும் அடைபட்டால் குறட்டையும் நின்றுவிடும். பக்கத்தில் படுத்திருப்பவர் "அப்பாடா, சத்தம் ஓய்ந்தது" என்று நினைக்கும் அந்த நேரத்தில்தான் மூச்சு நின்றிருக்கிறது.

பத்து வினாடியோ அதற்கு மேலோ காற்று ஓட்டம் நின்றால் மருத்துவர்கள் அதை ஒரு தடையாகக் கணக்கில் எடுக்கிறார்கள். சிலருக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் கூட நிற்பது உண்டு. ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை அபாயத்தை உணர்ந்து ஆளை உலுக்கி எழுப்புகிறது. செருமலோடு, திணறலோடு ஒரு பெருமூச்சு வருகிறது. மறுபடியும் தூக்கம், மறுபடியும் அடைப்பு. இந்த விழிப்பு சில வினாடிகளே நீடிப்பதால் காலையில் நினைவில் இருப்பதில்லை. "நான் அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன்" என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். ஆனால் ஆழ்ந்த தூக்கத்தில் அவர் இருந்த நேரம் மிகச் சொற்பம்.

வீட்டார் சொல்வதே முதல் சாட்சி

இந்நோய்க்கு நோயாளியைவிட வீட்டுக்காரம்மாள்தான் நல்ல சாட்சி. "நடு ராத்திரியில் உங்களுக்கு மூச்சே வரவில்லை, பயந்து போய்த் தட்டி எழுப்பினேன்" என்று அவர் சொன்னால், சிரித்து மழுப்ப வேண்டாம். அந்த ஒரு வாக்கியத்தை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். முடிந்தால் கைபேசியில் சில நிமிடம் பதிவு செய்யச் சொல்லி, அதையும் எடுத்துப் போங்கள்.

மற்ற அறிகுறிகள்: காலையில் எழுந்ததும் தலைவலி, நாக்கு வறட்சி, இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவது, பகலில் தூக்கம், மறதி, காரணமில்லாத எரிச்சல். நம்மில் சர்க்கரை நோய் உள்ளவர்கள், இரவில் எழுவதைச் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். மூச்சுத்தடையாலும் அது வரும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பெண்களுக்கும் இந்நோய் வரும். மாதவிலக்கு நின்ற பிறகு வாய்ப்பு கூடுகிறது. பெண்களிடம் பெருங்குறட்டைக்குப் பதில் சோர்வு, தூக்கமின்மை, மனச் சோர்வு என்று வெளிப்படுவதால் தவறவிடப்படுவது அதிகம். குழந்தைகளுக்கு டான்சில், மூக்கின் பின்புறச் சதை ஆகியவை வீங்கியிருப்பதால் இந்நோய் வரலாம். வாயைத் திறந்து தூங்கும், குறட்டை விடும், பகலில் அடங்காமல் துறுதுறுவென்று இருக்கும் குழந்தையைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பருமனானவர்களுக்கு மட்டுமே வரும் நோய் என்று எண்ணக்கூடாது. எடை முக்கியக் காரணம்தான். ஆனால் கீழ்த்தாடை சிறியதாக, பின்தள்ளி இருப்பவர்களுக்கு ஒல்லியான உடம்பிலும் வரும்.

முதலுக்கே மோசம்

ஓர் இரவில் நூற்றுக்கணக்கான தடவை பிராணவாயு குறைந்து கூடினால் இதயமும் ரத்தக் குழாய்களும் பாடுபடுகின்றன. உயர் ரத்த அழுத்தம் இந்நோயோடு சேர்ந்தே வருகிறது. மூன்று மாத்திரை போட்டும் அழுத்தம் இறங்கவில்லை என்பவர்களிடம் இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுதல், பக்கவாதம், சர்க்கரை நோய் ஆகியவற்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு.

தொழிலில் வரும் நட்டம் வேறு வகை. பில் போடும்போது ஒரு வரி விட்டுப்போகிறது. கொடுத்த பாக்கி மறந்துபோகிறது. வாடிக்கையாளரிடம் சுள்ளென்று விழுகிறோம். இவை ஒருவாறு சரிக்கட்டக் கூடியவை. சரிக்கட்ட முடியாதது, வண்டி ஓட்டும்போது வரும் தூக்கம். சரக்கு எடுக்க இரவில் தாமே வேன் ஓட்டிப் போகிற வணிகர்கள் நம்மிடையே ஏராளம். நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, மூன்று வினாடி கண்ணயர்வதற்குள் 65 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அந்த 65 மீட்டர் தூரமும் வண்டியை ஓட்டுபவர் யாருமில்லை. பகல் தூக்கம் உள்ளவர்கள் சிகிச்சை பெறும் வரை ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று நாம் கண்டிப்பாகவே சொல்கிறோம். உங்களிடம் வேலை பார்க்கும் ஓட்டுநருக்கும் இது பொருந்தும்.

எட்டுக் கேள்விகள்

கனடாவின் டொரன்டோ நகர மருத்துவர்கள், அறுவை சிகிச்சைக்கு வருபவர்களிடம் கேட்பதற்காக எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை உருவாக்கி 2008-ல் வெளியிட்டார்கள். 'ஸ்டாப்-பேங்' என்று பெயர். அதன் சாரம் இது:

1. மூடிய கதவுக்கு வெளியே கேட்கும் அளவுக்குக் குறட்டை உண்டா?
2. பகலில் அடிக்கடி சோர்வோ தூக்கமோ வருகிறதா?
3. தூக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா?
4. ரத்த அழுத்தம் உண்டா, அல்லது அதற்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?
5. உயரத்துக்கு மிக மிஞ்சிய எடையா? (உடல் நிறை எண் 35-க்கு மேல். ஐந்தடி ஐந்தங்குலம் உள்ளவருக்கு இது சுமார் 95 கிலோ.)
6. வயது 50-க்கு மேலா?
7. கழுத்தின் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா?
8. ஆணா?

"ஆம்" என்ற விடை ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். இரண்டு வரை என்றால் வாய்ப்பு குறைவு. மூன்று, நான்கு என்றால் நடுத்தரம். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் வாய்ப்பு அதிகம். ஐம்பது வயது தாண்டிய ஆண் ஒருவர், ரத்த அழுத்தத்திற்கு மாத்திரை சாப்பிட்டால் அதிலேயே மூன்று வந்துவிடுகிறது! ஆகவே மூன்று வந்தவுடன் பயப்பட வேண்டியதில்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள். இது சல்லடை போன்றது. சலித்த பிறகுதான் தரம் பார்க்கிறோம்.

தூக்கத்தை அளப்பது எப்படி?

நோயை உறுதி செய்யத் தூக்கப் பரிசோதனை வேண்டும். மருத்துவமனையில் ஓர் இரவு தங்கித் தூங்க வேண்டும். மூளை அலை, கண் அசைவு, தாடைத் தசை, மூக்கின் காற்றோட்டம், மார்பும் வயிறும் ஏறி இறங்குவது, இதயத் துடிப்பு, விரல் நுனியில் பிராணவாயு அளவு ஆகிய அனைத்தும் பதிவாகும். ஊசி கிடையாது, வலி கிடையாது. வேறு பெரிய நோய் இல்லாதவர்களுக்குச் சிறிய கருவியைக் கொடுத்து வீட்டிலேயே பதிவு செய்துவரச் சொல்லும் முறையும் உண்டு.

அறிக்கையில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஓர் எண். மூச்சு முழுவதும் நின்ற தடவைகளையும், பாதி அடைபட்டுக் குறைந்த தடவைகளையும் கூட்டி, தூங்கிய மணி நேரத்தால் வகுப்பார்கள். நமக்குப் பழகிய சராசரிக் கணக்குத்தான். ஒருவர் 7 மணி நேரம் தூங்கி அதில் 210 தடைகள் இருந்தால், மணிக்கு 30. ஐந்துக்குக் கீழ் என்றால் இயல்பு. 5 முதல் 15-க்குள் லேசானது. 15 முதல் 30-க்குள் நடுத்தரம். 30-ம் அதற்கு மேலும் கடுமையானது. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை! இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கடைப்பையன் வந்து உங்களைத் தட்டி எழுப்பினால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அந்த உடம்புக்கு இருக்கிறது.

கருவி பிறந்த கதை

1980 வரை கடுமையான நோயாளிகளுக்கு இருந்த பெரிய சிகிச்சை, கழுத்தில் துளையிட்டு அதன் வழியே மூச்சு விடச் செய்வது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் டாக்டர் காலின் சல்லிவன் என்பவர் வேறு விதமாக யோசித்தார். அடைபடும் தொண்டைக்குள் காற்றைச் சிறு அழுத்தத்துடன் இடைவிடாமல் செலுத்திக்கொண்டே இருந்தால், அந்தக் காற்றே தொண்டையை விரித்துப் பிடித்துக்கொள்ளும் அல்லவா? தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரை வைத்து ஒரு கருவியைச் செய்தார்கள். அப்போது சரியான முகமூடி இல்லை. மூக்கின் வடிவத்துக்கு அச்செடுத்துச் செய்து, சிலிகான் பசை போட்டு முகத்தில் ஒட்டினார்கள். கழுத்தில் துளையிடச் சம்மதிக்காத ஒரு நோயாளி இதைச் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டார். அவருக்கு அன்று இரவு முழுவதும் மூச்சு தடையில்லாமல் ஓடியது. ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலன் 1981-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயிற்று. அந்தக் கண்டுபிடிப்பை வைத்து 1989-ல் அங்கே தொடங்கப்பட்ட சிறு நிறுவனம்தான் இன்று உலகெங்கும் இக்கருவிகளை விற்கும் ரெஸ்மெட்.

கருவி என்ன செய்கிறது?

இதன் பெயர் 'சி-பேப்'. தொடர்ந்து ஒரே அழுத்தத்தில் காற்றைத் தரும் கருவி என்பது பொருள். படுக்கையருகே வைக்கும் சிறு பெட்டி, அதிலிருந்து ஒரு நீளக் குழாய், குழாயின் முனையில் முகமூடி. இவ்வளவுதான்.

பலர் இதை ஆக்சிஜன் சிலிண்டர் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது தவறு. அறையில் உள்ள காற்றைத்தான் இது வடிகட்டித் தருகிறது. நமக்குப் பதிலாக இது மூச்சு விடுவதும் இல்லை. மூச்சு விடுவது நாமே. வழியைத் திறந்து வைப்பது மட்டுமே இதன் வேலை. உளுந்து மூட்டையைத் திறந்து வாயைச் சுருட்டி மடக்கி வைக்கிறோமே, சரிந்து மூடிக்கொள்ளாமல் இருக்க, அது போல.

அழுத்தம் சென்டிமீட்டர் நீர்மட்டம் என்ற அளவில் சொல்லப்படும். பொதுவாக 4 முதல் 20 வரை. பத்து என்று வைத்தால், பத்து சென்டிமீட்டர் ஆழமுள்ள நீரின் அடியில் இருக்கும் அழுத்தம். கார் டயரில் நாம் அடிக்கும் 30 பவுண்டு காற்றோடு ஒப்பிட்டால் இது இருநூறில் ஒரு பங்குதான். ஆகவே நுரையீரல் வெடித்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். யாருக்கு எத்தனை வேண்டும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார். பக்கத்துக் கடைக்காரர் 12 வைத்திருக்கிறார் என்று நாமும் வைக்கக் கூடாது.

இதில் மூன்று வகை உண்டு. ஒரே அழுத்தம் தருவது முதல் வகை. மூச்சின் நிலையைக் கவனித்து, குறிப்பிட்ட எல்லைக்குள் தானே கூட்டிக் குறைப்பது 'ஆட்டோ' வகை. மூச்சை இழுக்கும்போது கூடுதலாகவும் விடும்போது குறைவாகவும் தருவது 'பை-பேப்'. இது விலை கூடியது, நுரையீரலோ மூச்சுத் தசையோ பலவீனமான சிலருக்கே தேவைப்படும்.

பாதி வெற்றி முகமூடியில்

கருவி எவ்வளவு உயர்ந்ததானாலும் முகமூடி பொருந்தாவிட்டால் அது இரண்டே நாளில் பரண்மேல் போய்விடும். செருப்பு வாங்குவதைப் போல அளவு பார்த்து வாங்க வேண்டிய பொருள் இது.

மூக்கின் மேல் கவியும் முகமூடி பெரும்பாலோருக்குப் பொருந்துகிறது. நாசித் துவாரங்களின் வாயில் மட்டும் பதியும் சிறு மெத்தை வகை மிக இலேசானது. முகத்தை அடைத்தால் மூச்சு முட்டுவது போல் உணர்பவர்களுக்கும், அடர்ந்த மீசை வைத்திருப்பவர்களுக்கும் நல்லது. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் வகை, மூக்கடைப்பால் வாய் வழியே மூச்சு விடுபவர்களுக்கு. ஆனால் இதில் காற்றுக் கசிவு சற்று அதிகம். ஆகவே மூக்கடைப்பை முதலில் சரி செய்துகொண்டு மூக்கு முகமூடியைப் பழகுவது பலருக்கு நல்ல வழி.

வாங்கும் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதாது. படுத்து, கருவியை ஓடவிட்டு, இரு பக்கமும் புரண்டு பார்க்க வேண்டும். கசிகிறது என்று பட்டையை இறுக்கிக்கொண்டே போவது பலர் செய்வது. அதனால் மூக்குத்தண்டில் புண் வரும், கசிவும் நிற்காது. அளவு தவறாக இருக்கிறது என்பதே அதன் பொருள். முகமூடியில் சிறு துளைகள் இருக்கும். நாம் விடும் மூச்சு வெளியேற வைத்த வழி அது. காற்று வீணாகிறதே என்று அதை டேப் ஒட்டி அடைத்துவிடக் கூடாது. சில முகமூடிகளின் கொக்கியில் காந்தம் உண்டு. இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்திருப்பவரும், அவர் பக்கத்தில் படுப்பவரும் காந்தமில்லாத முகமூடியைக் கேட்டு வாங்க வேண்டும்.

முதல் மாதம்தான் சோதனை

புதுத் தொழிலைப் போலவே இதிலும் முதல் மாதம் கஷ்டம். முதல் நாளே இரவு முழுதும் போட்டுத் தூங்கிவிட வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். மாலையில் தொலைக்காட்சி பார்க்கும்போது கால் மணி நேரம், அரை மணி நேரம் என்று போட்டுப் பழகுங்கள். தொடக்கத்தில் குறைந்த அழுத்தத்தில் ஆரம்பித்து மெல்ல ஏறும் வசதி கருவியில் உண்டு; அதைப் பயன்படுத்துங்கள்.

மூக்கும் தொண்டையும் வறண்டால், காற்றை ஈரப்படுத்தும் தண்ணீர்த் தொட்டியை இணைக்க வேண்டும். அதில் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும், கிருமியும் சேரும். காலையில் மீதி நீரைக் கொட்டிவிட வேண்டும். முகமூடியின் மெத்தையை நாள்தோறும், குழாயையும் தொட்டியையும் வாரம் ஒரு முறை, இலேசான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். வடிகட்டியைக் கவனிக்க வேண்டும். மிளகாய், மாவு வாடை வீசும் கடைக்கு மேல் மாடியிலேயே குடியிருக்கும் நம்மவர்களுக்கு அது சீக்கிரம் தூசி அடையும்.

மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் போதும். ஈரப்படுத்தும் சூடேற்றிதான் அதிக மின்சாரம் இழுக்கும். மின்சாரம் இல்லாதபோது அதை மட்டும் நிறுத்திவைக்கலாம். மதியம் கடை சாத்திப் படுக்கும் குட்டித் தூக்கத்திற்கும் கருவி தேவை என்பதை மறக்கக் கூடாது. அந்த நேரத் தூக்கத்திலும் மூச்சு நிற்கத்தான் செய்யும்.

எத்தனை நேரம் போட வேண்டும்? தூங்கும் நேரம் முழுவதும். நாள் ஒன்றுக்கு நான்கு மணி நேரமாவது, பத்து நாளில் ஏழு நாளாவது போட்டிருக்க வேண்டும் என்பது குறைந்தபட்ச அளவுகோல். கருவியே இதைக் கணக்கு வைத்திருக்கும். மருத்துவரிடம் பொய் சொல்ல முடியாது!

பலன் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். பகல் தூக்கமும் சோர்வும் குறைவது உறுதியாகக் காணப்பட்ட பலன். பலருக்கு முதல் வாரத்திலேயே தெரியும். ரத்த அழுத்தமும் ஓரளவு இறங்கும். அதற்காக மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. மாரடைப்பும் பக்கவாதமும் தடுக்கப்படுமா என்பது வேறு கேள்வி. இந்தியா உட்படப் பல நாடுகளில், ஏற்கெனவே இதய நோயோ மூளை ரத்தக்குழாய் நோயோ உள்ள 2,717 பேரிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. கருவி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் அதில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அவர்கள் கருவியைப் போட்டது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான். பாதி இரவு திறந்து கிடந்த கடைக்குப் பூட்டு இருந்தும் என்ன பயன் என்று கேட்பதைப் போன்றதுதான் இது.

வாங்கும்போது

சரக்கு பார்த்து வாங்கத் தெரிந்த நமக்கு இதில் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சில:

தூக்கப் பரிசோதனை அறிக்கையும் மருத்துவர் சீட்டும் இல்லாமல் கருவி வாங்க வேண்டாம்.

விலை பல ஆயிரங்களில் இருப்பதால், வாங்குமுன் சில வாரம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். வாடகைக்குத் தரும் விற்பனையாளர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள்.

பில், வாரண்டி அட்டை, வரிசை எண் மூன்றும் கேட்டுப் பெறுங்கள். முகமூடி மெத்தையும் வடிகட்டியும் தேய்மானப் பொருள்கள். அவை ஊரிலேயே கிடைக்குமா, என்ன விலை என்று முதலிலேயே கேளுங்கள். கருவியின் விலையைக் குறைத்து, உதிரிப் பொருளில் எடுப்பது எந்தத் தொழிலிலும் உள்ளதுதானே!

பழைய கருவியை வாங்குவதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. 2021 ஜூன் மாதம் பிலிப்ஸ் நிறுவனம், சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்திருந்த நுரைப்பஞ்சு சிதைந்து துகளாகிக் காற்றோடு கலக்கக்கூடும் என்ற காரணத்தால் தன் கருவிகளை உலக அளவில் லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. அத்தகைய பழைய கருவி கைமாறி வந்து நம் தலைமாட்டில் சேர்ந்துவிடக் கூடாது. ஆண்டையும் வரிசை எண்ணையும் பார்த்து விசாரித்த பிறகே தொட வேண்டும்.

மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள், வீட்டில் பயன்படுத்தும் கருவிக்குத் தொகை உண்டா என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாலிசிக்குப் பாலிசி இது மாறும்.

கருவியோடு சேர்த்தும், கருவி இன்றியும்

எடையைக் குறைப்பது முதல் மருந்து. உடல் எடையில் 10 விழுக்காடு குறைந்தவர்களுக்கு மூச்சுத்தடைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ கால் பங்கு குறைந்ததாக 2000-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு கூறுகிறது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருக்கும் இந்நோய்க்கென்றே 'டிர்செபடைட்' என்ற ஊசி மருந்துக்கு அமெரிக்க மருந்துத் துறை 2024 டிசம்பரில் அனுமதி அளித்தது. மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே போட வேண்டிய மருந்து அது.

மது தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும். தூக்க மாத்திரைகளில் பலவும் அப்படியே. "தூக்கம் சரியில்லை" என்று மருந்துக் கடையில் மாத்திரை கேட்டு வாங்கிப் போடுவது இந்நோயில் ஆபத்து. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரியும். பக்கவாட்டில் படுப்பது நல்லது. பனியனின் முதுகுப்புறம் ஒரு பந்தை வைத்துத் தைத்துக்கொண்டால் மல்லாந்து புரள முடியாது. செலவில்லாத வைத்தியம், லேசான நோய்க்குப் பலன் தரும். கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பல் கவசத்தைப் பயிற்சி பெற்ற பல் மருத்துவர் செய்து தருவார். லேசான, நடுத்தர நோய்க்கு அது உதவும். டான்சில் வீக்கம் போன்ற தெளிவான அடைப்பு இருந்தால் அறுவை சிகிச்சை உண்டு.

உறுப்பினர்கள் கேட்கும் ஐயங்கள்

கருவியை ஆயுள் முழுவதும் போட வேண்டுமா? மூக்குக் கண்ணாடி போல. போட்டிருக்கும் வரை பார்வை தெளிவு. எடை நன்றாகக் குறைந்து, மறு பரிசோதனையில் நோய் நீங்கியது தெரிந்தால் மருத்துவரே நிறுத்தச் சொல்வார்.

இது பழக்கமாகி, கருவி இல்லாமல் மூச்சு விட முடியாமல் போய்விடுமா? போகாது. ஒரு நாள் விட்டால் பழைய குறட்டை திரும்பும், அவ்வளவே.

குறட்டை விடுபவர் எல்லாரும் நோயாளியா? இல்லை. குறட்டையோடு மூச்சு நிற்பதோ பகல் தூக்கமோ சேர்ந்தால் ஐயப்பட வேண்டும்.

வேறு அறுவை சிகிச்சைக்குப் போகும்போது சொல்ல வேண்டுமா? கட்டாயம். குடலிறக்கம் போன்ற சிறிய அறுவையானாலும் மயக்க மருந்து தரும் மருத்துவரிடம் இந்நோயைச் சொல்லி, கருவியையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

வெட்கமாக இருக்கிறதே? இதை வெளிப்படையாகச் சொல்லுபவர் குறைவு. உள்ளே நினைப்பவர் அதிகம். முகமூடியோடு படுப்பதைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று கருவியை மூட்டை கட்டி வைத்தவர்களை நாம் அறிவோம். வீட்டாருக்குக் கருவி என்ன செய்கிறது என்று முதல் நாளே விளக்கிச் சொல்லிவிட்டால் இந்தத் தடை நீங்கும். குறட்டை நின்றதில் அவர்களுக்கும் நல்ல தூக்கம் கிடைக்கிறதே!

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம் கிளைச் சங்கங்கள் ஆண்டுதோறும் மருத்துவ முகாம் நடத்துகின்றன. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறோம், கண் பார்க்கிறோம். அடுத்த முகாமில் மேற்சொன்ன எட்டுக் கேள்விகளையும் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுக்கலாம். கழுத்தளவு பார்க்க ஒரு தையல் டேப் போதும். உறுப்பினரோடு அவர் துணைவியாரையும் அழைத்து வரச் சொல்ல வேண்டும். மூன்றாவது கேள்விக்கு விடை அவரிடம்தான் இருக்கிறது. ஐந்துக்கு மேல் மதிப்பெண் வந்தவர்களைக் கூட்டாக நெஞ்சக நோய் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ அனுப்பினால், பரிசோதனைக் கட்டணத்திலும் சலுகை கேட்டுப் பெற முடியும். சரக்கு வண்டி ஓட்டுநர்களையும் சுமை தூக்கும் தோழர்களையும் விட்டுவிடாமல் முகாமுக்கு அழைக்க வேண்டும்.

இன்று இரவு கடை சாத்தி வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். "நான் தூங்கும்போது எப்படி மூச்சு விடுகிறேன்?" என்று வீட்டில் கேளுங்கள். வரும் விடையைப் பொறுத்து மேற்கொண்டு செய்ய வேண்டியதை இக்கட்டுரையில் சொல்லிவிட்டோம்.